விறகு கொண்டுவந்தேன்

நுழையும்முன்

ஒரு மொழியின் வளத்தை எதைக்கொண்டு அளப்பது? சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டா, எழுத்தின் பழைமையைக் கொண்டா, பேசுவோர் தொகையைக் கொண்டா? நியூகினித் தீவின் மலைப்பகுதியில் பேசப்படும் சிறிய மொழி ஒன்று இவ்வினாவைப் புதிய கோணத்தில் எண்ணிப் பார்க்க வைக்கிறது. அம்மொழியை அகராதியின் வழியே அறிந்துகொண்ட மொழியாசிரியர் ஒருவரின் தன்னனுபவக் கட்டுரை இது.

மொழிகளின் தீவு

நாவல்களை விரும்பிப் படிப்போர் பலர். அகராதிகளை அவ்வாறு படிப்போர் சிலர். நான் அச்சிலருள் ஒருவன். ஓர் அகராதியை எடுத்து முதற்சொல்லிலிருந்து தொடங்கி நாளுக்கு இரண்டு பக்கம் வீதம் படிப்பது என் நெடுநாளைய வழக்கம். அகரவரிசையில் அடுக்கப்பட்ட சொற்களுக்குப் பின்னால் ஒரு மக்கள்கூட்டம் பயிரிடுவதும் உண்பதும் வழக்காடுவதும் இறந்தோருக்காக அழுவதும் மெல்ல மெல்லப் புலப்படும். அவ்வாறு நான் படித்த அகராதிகளுள் இன்றளவும் என் மேசையை விட்டு அகலாதிருப்பது 'கலம்' என்னும் மொழியின் அகராதி. உண்கலத்தையும் மரக்கலத்தையும் குறிக்கும் நம் சொல்லோடு அப்பெயர் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே அமைந்துள்ள நியூகினி, உலகின் இரண்டாவது பெரிய தீவு. பரப்பளவில் அது தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அதன் மேற்குப் பாதி இந்தோனேசியாவுக்கு உரியது. கிழக்குப் பாதி பாப்புவா நியூகினி என்னும் தனிநாட்டின் பெரும்பகுதி. பாப்புவா நியூகினியில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை மொழிகள் இல்லை.

இத்தீவின் மொழிகளை அறிஞர்கள் இரு பெரும்பிரிவாகக் காண்பர். கடற்கரையோரங்களிலும் அடுத்துள்ள சிறு தீவுகளிலும் பெரிதும் வழங்குபவை ஆஸ்திரோனேசிய மொழிகள். மலாய், தகாலோகு, மாவோரி முதலியவற்றின் உறவினர் அவை. கடலோடிகளின் வழியே சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வந்து சேர்ந்தவை. அவர்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அத்தீவில் மக்கள் வாழ்ந்தனர். அம்முன்னோர் வழிவந்த மொழிகளையே 'பாப்புவன் மொழிகள்' என்கிறோம். நியூகினியின் உட்பகுதிகளில் மட்டுமின்றி, மேற்கே திமோர், அலோர், ஹல்மஹேரா தீவுகளிலும் கிழக்கே பூகன்வில், சாலமன் தீவுகளிலும் இவை வழங்குகின்றன.

பாப்புவன் என்பது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயரன்று என்பதை இங்கு மனத்தில் இருத்த வேண்டும். திராவிட மொழிகள் என்று நாம் சொல்லும்போது ஒரு தாய்வழி உறவை உணர்த்துகிறோம். பாப்புவன் என்னும் சொல்லோ, ஆஸ்திரோனேசியத்தைச் சேராத, ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளையும் சேராத எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் இட்டு ஒட்டிய பெயர்ச்சீட்டு. அப்பெட்டிக்குள் பல பத்துக் குடும்பங்கள் உள்ளன. எந்தக் குடும்பத்தோடும் உறவு காட்ட இயலாத தனிமொழிகளும் உள்ளன. அவற்றுள் மிகப் பெரிய குடும்பம் 'டிரான்ஸ் நியூகினி' எனப்படுவது. தீவின் முதுகெலும்பாக நீளும் மலைத்தொடரை ஒட்டி அது பரவியிருக்கிறது. கலம் அக்குடும்பத்தின் மடாங் கிளையைச் சார்ந்தது.

என்ன என்று கேட்கும் பேச்சு

பாப்புவா நியூகினியின் மடாங் மாநிலத்தில் பிஸ்மார்க் மலைத்தொடரும் ஷ்ராடர் மலைத்தொடரும் அடுத்தடுத்து எழுகின்றன. அவற்றின் இடையே சிம்பாய், கைரோங்கு, அசாய் என்னும் ஆறுகளின் பள்ளத்தாக்குகள் உள்ளன. கலம் மக்களின் நிலம் அதுவே. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் பயிரிட்டு, பன்றி வளர்த்து, மேட்டுக்காடுகளில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இம்மொழியைப் பேசுகின்றனர். நம் கணக்கில் அது ஒரு சிறுநகரின் மக்கள்தொகைகூட ஆகாது. ஆயினும் சில நூறு பேர் மட்டுமே பேசும் மொழிகள் மலிந்த அத்தீவில் கலம் ஓரளவு பெரிய மொழியே. கோபோன் என்னும் அண்டை மொழி அதன் நெருங்கிய உடன்பிறப்பு.

கலம் மொழிக்கு இரண்டு முதன்மையான வட்டார வழக்குகள் உண்டு. ஒன்றின் பெயர் 'எதிப் மினிம்'. மற்றொன்றின் பெயர் 'தி மினிம்'. மினிம் என்றால் பேச்சு. எதிப் என்பதற்கும் தி என்பதற்கும் பொருள் ஒன்றே: 'என்ன?' ஒருவர் 'என்ன' என்று எப்படிக் கேட்கிறாரோ அதைக்கொண்டே அவர் பேசும் வழக்கு அடையாளம் காணப்படுகிறது. ஊர்ப்பெயரோ குலப்பெயரோ தலைவர் பெயரோ இன்றி, ஒரு வினாச்சொல்லால் பேச்சுக்குப் பெயர் சூட்டிய அவ்வழக்கம் என் மனத்தைக் கவர்ந்தது.

எழுத்துமுறையிலும் ஒரு தனித்தன்மை உண்டு. ஓசை இடைவெளியை நிரப்ப வரும் குறுகிய உயிரொலி, வரும் இடம் முன்கூட்டியே தெரிவதால், எழுதப்படுவதில்லை. ஆகவே ஒலிப்பில் 'கிமின்' என்றிருக்கும் சொல் உரோமன் எழுத்தில் மூன்று மெய்களாக மட்டுமே நிற்கும். ஏடு முழுவதும் மெய்யெழுத்துகள் அணிவகுத்து நிற்பதைக் காணும்போது, இதை எவ்வாறு நாவால் சொல்வது என்ற மலைப்பு எவருக்கும் தோன்றும். நா பழகிய பின் மலைப்பு நீங்கிவிடும்.

வகுப்பறையில் எழுந்த வினா

இம்மொழியைப் பற்றி நான் வகுப்பில் பேசத் தொடங்கியது இலக்கணப் பாடத்தின் இடையே. வினைச்சொற்களைப் பற்றி விளக்கியபோது, கலம் மொழியில் உள்ள வினைவேர்கள் ஏறத்தாழ 130 மட்டுமே என்று கூறினேன். அவற்றிலும் அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் புழங்குபவை முப்பத்தைந்துதாம். பேச்சில் வரும் வினைகளில் பத்துக்கு ஒன்பது என்னும் அளவை ஏறத்தாழப் பதினைந்து வேர்களே தாங்கி நிற்கின்றன. தமிழிலோ ஆங்கிலத்திலோ வினைச்சொற்களை எண்ணப் புகுந்தால் ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும்.

மாணவர் பலர் சிரித்தனர். ஒரு மாணவி சிரிக்கவில்லை. மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர். வீட்டில் அவர் பேசும் மொழிக்கு எழுத்து இல்லை. வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "ஐயா, எங்கள் மொழியில் சொல் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல் குறைந்தால் அறிவும் குறைந்தது என்றுதானே பொருள்?" என்று கேட்டார்.

'இல்லை' என்று ஒரு சொல்லில் விடை கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் 'இல்லை'யை அவர் பலமுறை கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தேவைப்பட்டது ஆறுதலன்று, சான்று. ஆகவே அடுத்த வகுப்பை முழுவதுமாகக் கலம் மொழிக்கே ஒதுக்கினேன். அன்று நான் கரும்பலகையில் எழுதியவற்றின் விரிவே பின்வருவன.

ஒரு செயல், ஐந்து வினைகள்

'விறகு கொண்டுவந்தேன்' என்று நாம் சொல்வதை ஒரு கலம் மகன் எவ்வாறு சொல்வான்? அச்சொற்றொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் இவ்வாறு அமையும்:

நான் – போ – விறகு – அடி – எடு – வா – வைத்தேன்.

போதல், அடித்தல், எடுத்தல், வருதல், வைத்தல் என வினைகள் ஐந்து. அம்மொழியின் ஒலிப்பில் போவதற்கு 'அம்', அடிப்பதற்கு 'பிக்', வருவதற்கு 'அப்', வைப்பதற்கு 'அய்'. இடையில் நிற்கும் நான்கும் விகுதி ஏதுமின்றி வெறும் வேர்களாகவே நிற்கின்றன. இறுதியில் வரும் வினை மட்டுமே காலத்தையும் இடத்தையும் காட்டும் உறுப்புகளை ஏற்கிறது. தமிழைப் போலவே அங்கும் வினைமுற்று சொற்றொடரின் இறுதியில்தான் வரும். ஒருமை, பன்மை என்பவற்றோடு இருவரைக் குறிக்கும் இருமையையும் அது காட்டும்.

ஆங்கிலத்தில் இச்செயலை ஒரே வினையால் கூறிவிடலாம். தமிழில் 'கொண்டு', 'வந்தேன்' என இரண்டு வினைகள் உள்ளன. கலத்தில் ஐந்து உள்ளன. வினைவேர்கள் குறைந்த மொழியில்தான் சொற்றொடருக்குள் வினைகள் மிகுந்திருக்கின்றன என்பதை மாணவர்கள் கவனித்தனர்.

இதனை ஆராய்ந்தவர் ஆண்ட்ரூ பாவ்லி என்னும் மொழியியலாளர். ஒரு செயலைச் சொல்லும்போது செயல் நடந்த இடத்திற்குச் சென்றது, அங்கே செய்தது, அங்கிருந்து மீண்டது, இறுதியில் விளைந்தது ஆகிய நிலைகளைக் கலம் மொழியினர் வழக்கமாகக் கூறுவதை அவர் எடுத்துக்காட்டியுள்ளார். எதை எடுத்துச் சொல்வது, எதைக் கேட்போர் ஊகத்திற்கு விடுவது என்பதில் மொழிக்கு மொழி வழக்கம் வேறுபடுகிறது. நாம் ஒரு சொல்லுக்குள் மடித்து வைப்பதை அவர்கள் விரித்து வைக்கின்றனர்.

இவ்விடத்தை எழுதும்போது என் அப்பத்தாவின் நினைவு வருகிறது. 'அப்பத்தா விறகு கொண்டுவந்தாள்' என்றுதான் வீட்டில் நாங்கள் சொல்வோம். விடியுமுன் அவர் கருவேலங்காட்டுக்கு நடந்ததும், முள்ளை விலக்கி வெட்டியதும், கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றியதும், வெயிலில் திரும்பியதும், கொல்லையில் இறக்கி அடுக்கியதும் அந்தத் தொடரில் தெரிவதில்லை. கலம் மொழியில் அதைச் சொல்லியிருந்தால் அவர் நடந்த வழியும் அவர் கை செய்த வேலையும் பேச்சில் இடம்பெற்றிருக்கும்.

இன்னொரு சான்று. உடம்பு வலிக்கும்போது கைகால் பிடித்துவிடுதல் என்கிறோம் அல்லவா? அதற்குக் கலத்தில் ஒன்பது வினைகள் அடுத்தடுத்து வருகின்றன: அடி, தேய், பிடி, வா, ஏறு, பிடி, வா, இறங்கு, செய். கை உடலின்மேல் மேலும் கீழுமாகச் சென்று வருவதை அச்சொற்கள் அப்படியே பின்தொடர்கின்றன. தமிழர் அதனைப் 'பிடி', 'விடு' என்னும் இரு வினைகளால் சொன்னார்கள். சொல்லும் முறை இரண்டிலும் ஒன்றே, விரிவில்தான் வேறுபாடு.

உணர்தல் என்னும் ஒரே வேர்

கலத்தின் வினைவேர்களுள் 'நிங்' என்பது மிகுந்த உழைப்பாளி. உணர்தல், அறிதல் என்று அதற்குப் பொருள் கூறலாம். கண்ணால் நிங் என்றால் காணுதல். காதால் நிங் என்றால் கேட்டல். தொட்டு நிங் என்றால் தடவி அறிதல். தின்று நிங் என்றால் சுவைத்தல். நாற்றத்தை நிங் என்றால் முகர்தல். உறக்கத்தில் நிங் என்றால் கனவு காணுதல். பேசி நிங் என்றால் வினவுதல்.

ஐம்புலன்களும் வெவ்வேறு வாயில்கள். உள்ளே நிகழும் அறிதல் ஒன்று என்பது இவ்வேரின் ஆட்சியால் புலப்படுகிறது. வினவுதல் என்பதைப் 'பேசி அறிதல்' என்று அமைத்திருப்பது நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. தமிழிலும் 'கேள்' என்னும் ஒரே வினை, செவியால் கேட்பதையும் வாயால் வினவுவதையும் குறிக்கிறது.

புதிய செயல்கள் வரும்போது இம்மொழி என்ன செய்கிறது? வினைவேர்களின் தொகை எளிதில் கூடுவதில்லை. வேற்றுமொழிச் சொல் உள்ளே வந்தால் 'செய்' என்னும் பொருளுடைய வேரோடு சேர்ந்து வினையாகிவிடும். 'போன் செய்', 'பதிவிறக்கம் செய்' என்று நாமும் அப்படித்தானே ஆக்கிக்கொள்கிறோம்?

எச்சங்களின் நுட்பம்

நீண்ட நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது கலம் மொழியினர் பல தொடர்களைக் கோவையாக இணைப்பர். ஒவ்வொரு தொடரின் இறுதியிலும் எச்சமாக நிற்கும் வினை, அடுத்துவரும் வினையைப் பற்றி இரண்டு செய்திகளைத் தருகிறது. அடுத்த செயலைச் செய்பவர் இதே ஆளா, வேறொருவரா என்பது முதற்செய்தி. முன்சொன்ன செயல் அடுத்ததற்கு முன்பு முடிந்ததா, அதனுடன் சேர்ந்து நிகழ்ந்ததா, இனிமேல் நிகழ இருப்பதா என்பது இரண்டாம் செய்தி. கேட்பவர், அடுத்த தொடர் தொடங்குவதற்கு முன்பே, எழுவாய் மாறப்போவதை அறிந்துகொள்கிறார். மலைநாட்டுப் பாப்புவன் மொழிகள் பலவற்றில் இவ்வமைப்பு உண்டு.

தமிழ் இலக்கணம் கற்போர்க்கு இது முற்றிலும் புதியதன்று. வினையெச்ச வாய்பாடுகளைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியர், 'செய்து, செய்யூ, செய்பு' என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், ஏனையவை பிறவினைமுதலின் வினையையும் கொள்ளும் என்றும் வகுத்துள்ளார். 'தம்பி வந்து உண்டான்' என்பதில் வந்தவனும் உண்டவனும் ஒருவனே. 'தம்பி வர அக்காள் உண்டாள்' என்பதில் வந்தவன் ஒருவன், உண்டவள் மற்றொருத்தி. தமிழும் கலமும் உறவற்ற மொழிகள். ஆயினும் செயலைச் செய்தவர் யார் என்பதில் குழப்பம் நேரக்கூடாது என்னும் கவலை இருமொழிக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

தெரியுமா?

கலத்தின் அண்டை மொழியான கோபோனில் எண்களுக்கு உடலுறுப்புகளே பெயர். சுண்டுவிரலில் தொடங்கி ஐந்து விரல்கள், மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேற்கை, தோள், காறையெலும்பு என்று எண்ணிக்கொண்டே மேலேறுவர். தொண்டைக்குழி பன்னிரண்டு. அங்கிருந்து மறுபக்கம் இறங்கினால் மற்றொரு கையின் சுண்டுவிரலில் 23 முடியும்.

காட்டுக்கென ஒரு மொழி

நம் நெய்தல் நிலத்துத் தாழையின் இனத்தைச் சேர்ந்த மரமொன்று நியூகினியின் உயர்ந்த மலைக்காடுகளில் வளர்கிறது. அதன் கொட்டைகள் அம்மக்களின் விருப்ப உணவு. பருவம் வந்ததும் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் சென்று தங்கி அவற்றைப் பறித்துச் சமைப்பர். அப்போது வீட்டுமொழியைப் பேசுவதில்லை. 'அல்ஙவ் மினிம்', அதாவது 'மலைத்தாழைப் பேச்சு' என்னும் தனிமொழியில் பேசுவர். வழக்கமான சொற்களைப் பேசினால் கொட்டைகள் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை.

இப்பேச்சில் ஒலிகள் மாறுவதில்லை, இலக்கணமும் மாறுவதில்லை. ஏறக்குறைய எல்லாப் பொருட்சொற்களும் மாறிவிடுகின்றன. வீட்டுமொழியின் பல சொற்களுக்கு ஈடாகக் காட்டுமொழியின் ஒரே சொல் வருவதும் உண்டு. தம் மொழியின் சொற்களை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, அதே இலக்கணத்தின்மேல் வேறொரு சொற்றொகுதியை ஏற்றிப் பேச வேண்டுமானால், எது இலக்கணம், எது சொல் என்னும் வேறுபாடு அம்மக்கள் உள்ளத்தில் தெளிவாக இருந்திருக்க வேண்டும். இலக்கண நூல் ஏதும் இல்லாத மக்கள், இலக்கணத்தைக் கையாளும் திறத்தில் எவர்க்கும் குறைந்தவர் அல்லர்.

பறவை வரிசையில் இடம்பெறாத பறவை

வினைச்சொற்களில் சிக்கனமாக இருக்கும் கலம், பெயர்ச்சொற்களில் அவ்வாறில்லை. செடிகொடிகளுக்கும் தவளைகளுக்கும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அது தரும் பெயர்கள் மிகப்பல. நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை அம்மக்கள் பெயரிட்டு, அவற்றின் கூடு, இரை, குரல், பருவம் ஆகியவற்றை அறிந்து வைத்திருந்தனர்.

1960இல் அங்கு ஆய்வு தொடங்கிய மானிடவியலாளர் ரால்ஃப் பல்மர், அப்பெயர்களின் பகுப்புமுறையை ஆராய்ந்தார். பறக்கும் பறவைகளையும் வௌவால்களையும் சேர்த்து 'யகித்' என்பர். காட்டில் வேட்டையாடப்படும் பாலூட்டிகள் 'கிமின்'. ஆளுயரம் வளரும், பறக்க இயலாத கசோவரி என்னும் பெரும்பறவை இவ்விரண்டிலும் சேராது. 'கொம்பிதி' என்று தனித்து நிற்கும். கசோவரி ஏன் பறவையன்று என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு 1967இல் பல்மர் ஒரு கட்டுரை எழுதினார்.

இறகின் தோற்றமும் உடலின் பருமனும் மட்டும் அதற்குக் காரணமல்ல என்று அவர் காட்டினார். கலம் மக்களுக்குக் கசோவரி உறவுமுறை கொண்ட உயிர். உடன்பிறந்தாளுக்கும் மாமன் மகவுக்கும் ஒப்பானது. ஆகவே அதைக் கொல்பவர்க்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அதன் குருதி சிந்தலாகாது. கொன்றவர் சில காலம் சேப்பங்கிழங்குத் தோட்டத்தை அணுகலாகாது. அதைச் சமைக்கும்போதும் மலைத்தாழைப் பேச்சையே பேச வேண்டும். ஓர் உயிருக்கு எந்தப் பெயர்த்தொகுதியில் இடம் தருவது என்பதில், அவ்வுயிரோடு மனிதர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் அறமும் கலந்திருக்கிறது.

கைரோங்கு மண்ணின் நூலாசிரியர்

இவ்வறிவெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களால் மட்டும் எழுதப்பட்டிருந்தால் என் மாணவியின் வினாவுக்கு விடை பாதியே கிடைத்திருக்கும். மறுபாதியைத் தந்தவர் கைரோங்குப் பள்ளத்தாக்கில் பிறந்த இயன் சேம் மஜ்னெப். இளமையிலேயே பல்மருக்குத் துணையாகச் சேர்ந்த அவர், பின்னர் இணையாசிரியராக உயர்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய 'என் கலம் நாட்டின் பறவைகள்' என்னும் நூல் 1977இல் வெளிவந்தது. அந்நூலில் முதற்குரல் மஜ்னெப்புடையது. பறவைகளைப் பற்றி அவர் கூறியவை ஓர் அச்செழுத்திலும், பல்மரின் விளக்கங்கள் வேறோர் அச்செழுத்திலும் அமைந்தன. எது யாருடைய அறிவு என்பதில் படிப்பவர்க்கு ஐயம் எழாது. எச்சவினையில் செய்தவர் யார் என்று காட்டும் மொழிக்குப் பொருத்தமான நூலமைப்பு அது.

1988இல் பல்மர் மறைந்தார். பணி நிற்கவில்லை. மஜ்னெப் தம் தாய்மொழியிலேயே எழுதியவற்றைப் பாவ்லி முதலியோர் மொழிபெயர்த்துப் பதிப்பித்தனர். முன்னோர் வேட்டையாடிய விலங்குகளைப் பற்றிய அவரது நூல் 2007இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மஜ்னெப்பும் மறைந்தார். 1963இல் பாவ்லி தொடங்கிய சொற்சேகரிப்பு, பல்மரின் குறிப்புகளோடும் கலம் மக்கள் பலரின் உழைப்போடும் சேர்ந்து, 2011இல் அகராதியாக நிறைவுற்றது. ஏறத்தாழ அரைநூற்றாண்டு உழைப்பு அது. நான் நாளுக்கு இரண்டு பக்கமாகப் படித்தது அந்த அகராதியைத்தான்.

எவ்வாறு சொல்கிறது?

இன்று பாப்புவா நியூகினியில் பல்வேறு மொழியினரையும் இணைக்கும் பொதுமொழியாக டோக் பிசின் வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் ஆங்கிலம் வந்துவிட்டது. இவற்றைக் கற்பதால் மக்களுக்கு வரும் நன்மைகளை மறுக்க இயலாது. ஆயினும், ஒரு குழந்தை பள்ளிக்குச் செல்லும்போது வீட்டுமொழியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அக்குழந்தையிடமிருந்து பறிக்கப்படுவது 130 வினைவேர்கள் மட்டுமா? பறவைகளின் பெயர்களும், கசோவரிக்குச் செய்ய வேண்டிய மரியாதையும், காட்டில் பேசும் தனிமொழியும் அவற்றோடு சேர்ந்தே போகும். மலைத்தாழைப் பேச்சு மலைக்காட்டையும் அங்குக் கூடிச் சமைக்கும் வழக்கத்தையும் சார்ந்து வாழ்வது. அவ்வழக்கம் அருகினால் அதைப் பேசுவதற்கு வேறிடம் இல்லை.

அன்றைய வகுப்பின் முடிவில் மாணவர்களிடம் ஒரு பணி தந்தேன். அன்று காலையில் வீட்டிலோ விடுதியிலோ யாரேனும் ஒருவர் செய்த வேலையைக் கலம் முறையில் விரித்து எழுத வேண்டும். 'அம்மா காப்பி போட்டார்' என்று தொடங்கிய ஒரு மாணவன், அதைப் பதினொரு வினைகளாக விரித்துவிட்டுத் தலைநிமிர்ந்தான். "இத்தனை வேலையா ஐயா!" என்றான். அந்த மலைக்கிராம மாணவி, தம் பாட்டி தேன் எடுக்கும் முறையைத் தம் மொழியிலேயே எழுதலாமா என்று கேட்டார். எழுத்து இல்லையே என்று தயங்கிய பின், தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினார். அத்தாளில் எனக்குத் தெரியாத பெயர்ச்சொற்கள் பல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் பொருள் சொல்ல, நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு மொழியைச் சந்திக்கும்போது அதில் எத்தனை சொற்கள் உள்ளன என்று கேட்பது எளிது. எண்ணிக்கை கிடைத்தவுடன் அம்மொழியை வரிசையில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். அது எவ்வாறு சொல்கிறது என்று கேட்டால் நகர இயலாது. அமர்ந்து கற்க வேண்டியிருக்கும். பாவ்லியும் பல்மரும் கைரோங்கில் அவ்வாறு அமர்ந்தார்கள். மஜ்னெப் அவர்களுக்குக் கற்பித்தார். நம் நாட்டு மலைகளிலும் அவ்வாறு கற்பிக்கக்கூடிய பாட்டிகளும் பேத்திகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் முதலில் சொல்ல வேண்டிய சொல், கலம் மக்கள் தம் பேச்சுக்குப் பெயராகவே வைத்துக்கொண்ட அந்தச் சொல்தான்: 'என்ன?'